சிவப்பு நூல் அட்டைகள்

1937 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு எங்கள் பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பள்ளியை நடத்தும் மானேஜர் விருமாண்டி, சன்னலை ஒட்டிப் போட்ட பிரம்பு நாற்காலியில். ஹெட்மாஸ்டர் தவசி அவருக்கு எதிரே, பிள்ளைகள் உட்காரும் நீளப் பெஞ்சின் ஓரத்தில். கருத்தக்கண்ணனாகிய நான் மேசைக்குப் பின்னால், மைக்கூடும் காகிதமும் வைத்துக்கொண்டு. பேச்சிமுத்து வாசற்படிக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல். பெஞ்சில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருந்தது. அங்கே வந்து உட்கார் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை, அவனும் வரவில்லை.

கூட்டத்துக்குக் காரணம் மதுரையிலிருந்து என் பெயருக்கு வந்திருந்த ஒரு கடிதம். எழுதியவர் டெபுடி இன்ஸ்பெக்டர். ஜனவரியில் எங்கள் பள்ளியைப் பார்வையிட வந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாங்கள் முன்பின் பார்த்திராத ஆங்கிலப் பக்கத்தைத் தாங்களாகவே வாசித்ததைக் கண்டு மகிழ்ந்தாராம். மற்றப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களே ஒழிய வாசிப்பதில்லையாம். ஆகையால் மார்ச் மாதம் முதல் சனிக்கிழமை மதுரையில் கூடும் ஆசிரியர் கூட்டத்துக்கு நான் ஆறு பிள்ளைகளோடு வந்து அந்தப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும். வருகிற ஜூனில் எங்கள் பள்ளியில் திறக்கப்போகும் ஆறாம் வகுப்புக்கு ஆங்கில ஆசிரியராக என் பெயரையே சிபாரிசு செய்ய எண்ணியிருக்கிறார்.

அந்த வேலை ஒன்றே ஒன்றுதான். எனக்குக் கிடைத்தால் பேச்சிமுத்துவின் தற்காலிக வேலை ஏப்ரலோடு சரி. அவனுக்குக் கிடைத்தால் நான் கடைசிவரை கீழ் வகுப்புகளோடு சரி.

கடிதத்தில் ஒரே ஒரு பிழை. அந்தப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான் இல்லை, பேச்சிமுத்து.

நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

மேலூரில் நான் படித்த காலத்தில் ஆங்கிலம் என்றால் எழுத்துக் கூட்டிச் சொல்வது, பொருள் சொல்வது, பத்துத் தடவை எழுதுவது, மறுநாள் ஒப்பிப்பது. நானும் பதினோரு வருஷம் அப்படியே நடத்தினேன். என் பிள்ளைகள் முதல் பாடத்திலிருந்து இருபதாம் பாடம்வரை ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்வார்கள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் சொல்வார்கள். அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

சென்ற ஜூனில் பேச்சிமுத்து வந்தான். கீழத்தெருப் பிள்ளைகளைச் சேர்த்தால் சர்க்கார் தரும் கிராண்ட் கூடும், அந்தத் தெருவிலிருந்தே ஒரு வாத்தியார் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள் என்று மானேஜர் நினைத்தார். பேச்சிமுத்து ட்ரெயினிங் முடித்தவன். வேலை கிடைக்காமல் இரண்டு வருஷம் மதுரையில் ஓர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்தவன். கணக்கு வராது என்று அவனே ஒப்புக்கொண்டதால் ஹெட்மாஸ்டர் என் ஐந்தாம் வகுப்பின் ஆங்கிலப் பாட மணியை எடுத்து அவனுக்குக் கொடுத்தார். கணக்கும் தமிழும் எனக்கு மிச்சம். அவன் பாடம் நடத்தும் நேரத்தில் நான் அதே அறையின் மூலையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருப்பேன்.

முதல் வாரமே அவன் ஒரு பெட்டி நிறைய அட்டைத் துண்டுகளைக் கொண்டுவந்தான். சில வெறும் அட்டைகள். சிலவற்றில் சிவப்பு நூல் கட்டியிருந்தது, சிலவற்றில் வெள்ளை நூல். அச்சுக்கூடத்தில் சில எழுத்துக் கூட்டங்கள் திரும்பத் திரும்ப வருமாம். ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்காமல் ‘இங்’, ‘லெஸ்’, ‘மென்ட்’ என்று முன்கூட்டியே கோத்து, நூலால் கட்டி ஓரமாக வைத்துக்கொள்வார்களாம். அதைத்தான் அட்டையில் செய்திருந்தான். சிவப்பு நூல் சொல்லின் வால், வெள்ளை நூல் சொல்லின் தலை, வெறும் அட்டை உடம்பு.

“பால்காரன், வண்டிக்காரன், தோட்டக்காரன். இதுல ஆளு எங்க இருக்கான்?” என்று கேட்டான்.

“காரன்ல சார்!”

“வெள்ளைக்காரனும் அப்பிடித்தான் வச்சிருக்கான்.” ‘பார்ம்’ என்ற அட்டையின் பக்கத்தில் சிவப்பு நூல் கட்டிய ‘அர்’ அட்டையை ஒட்டிவைத்தான். “பார்ம்னா வெவசாயம். பார்மர் யாரு?”

“வெவசாயக்காரன் சார்!”

அன்னக்கொடி என்று ஒரு பெண், பதினொரு வயசு, சும்மா இருக்கமாட்டாள். எழுந்து, “அப்ப ஃபாதருன்னா ஃபாத்து வேலை பாக்கிறவரா சார்?” என்றாள். வகுப்பே சிரித்தது. நானாக இருந்தால் பிரம்பை எடுத்திருப்பேன். அவனும் சேர்ந்து சிரித்தான்.

“வால் மாதிரித் தெரியிறதெல்லாம் வால் இல்ல தாயி. கழட்டிப் பாரு. மிச்சம் உசுரோட நின்னா அது வால். நிக்கலைன்னா நீ காலை வெட்டிட்டே.”

பிறகு அவர்கள் இஷ்டத்துக்குக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். மூலையில் சிவப்பு மைப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நான் யோசித்தேன். பதினோரு வருஷத்தில் ஆங்கில மணியில் ஒரு பிள்ளைகூட என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை.

இன்னொரு நாள். எங்கள் ஹெட்மாஸ்டர்தான் ஊருக்குப் போஸ்ட்மாஸ்டரும். பள்ளிக்கூடத்துச் சுவரில்தான் தபால்பெட்டி தொங்கும். ஊர்க்காரர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது நான். கொழும்பில் இருக்கும் மகனுக்கு முத்துத்தாய் எழுதச் சொல்லி நான் எழுதிய கடிதம் திரும்பி வந்திருந்தது. உறையின் மேல் ரப்பர் முத்திரையில் ஓர் ஆங்கிலச் சொல். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடுவதற்குள், தபால் கார்டு வாங்க வந்து நின்ற அன்னக்கொடி உறையை வாங்கி விரலை வைத்தாள்.

“அன்… டெலிவர்… எட். முன்னால அன் வந்தா இல்லைன்னு அர்த்தம் பெரியாத்தா. பின்னால எட் வந்தா முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். நடுவுல உள்ளது எனக்குத் தெரியல. ஆனா என்னமோ ஒண்ணு நடக்காமத் திரும்பி வந்திருக்கு.”

முத்துத்தாய் வாயைப் பிளந்தாள். “ஆத்தீ! இம்புட்டுக் கூறா எவரு தாயி சொல்லிக் குடுத்தது?”

“பேச்சிமுத்து சாரு.”

“அப்ப இவரு?”

“இவரு கணக்கு சாரு.”

டெலிவர் என்றால் சேர்ப்பிப்பது என்று நான்தான் முத்துத்தாய்க்குச் சொன்னேன். சரியாகச் சொன்னேன். ஆனால் அவள் தலையை ஆட்டியது அந்தப் பிள்ளையைப் பார்த்து. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் நடத்தப்போகும் பாடத்துக்குக் குறிப்பு எழுதி வாரா வாரம் ஹெட்மாஸ்டரிடம் காட்ட வேண்டும். பேச்சிமுத்துவின் கையெழுத்து யாராலும் படிக்க முடியாத கையெழுத்து. “அண்ணே, நான் சொல்லச் சொல்ல நீங்க எழுதித் தாங்கண்ணே. உங்க எழுத்து முத்து முத்தா இருக்கு” என்று கேட்டான். மானேஜர் முன்னால் என்னைச் சார் என்பான். தனியாக இருக்கையில் அண்ணே. ஏழு மாதம், இரண்டு நோட்டு எழுதினேன். அவனுடைய புத்தி என் கையெழுத்தில் பார்க்க அழகாக இருந்தது. வயிறு எரிந்துகொண்டே எழுதினேன். ஆனால் ஒரு வாரம்கூட எழுதாமல் விட்டதில்லை. அடுத்த வாரம் என்ன சொல்லப்போகிறான் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

ஜனவரியில் இன்ஸ்பெக்டர் வருகிற தேதி தெரிந்ததும் மானேஜர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு மாமன் முறை. கீழத்தெருப் பேச்சிமுத்துவை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த அவருக்கு மனசில்லை. எப்படித் தவிர்ப்பது என்றுதான் தெரியவில்லை. வழி சொன்னது நான். துணி ஒட்டுவதற்காகப் பழங்காநத்தத்தில் ஒரு பைண்டரிடம் பள்ளிக்கூடத்து இந்தியத் தேசப்படத்தைக் கொடுத்திருந்தோம்.

“அச்சாபீஸ்காரங்க, பைண்டருங்க எல்லாம் அவனுக்குத்தான் பழக்கம் மாமா. அன்னைக்கு அவனையே அனுப்பி வாங்கியாரச் சொல்லுவோம்.”

“மாப்ள, நீ வெவரமான ஆளுதான்யா” என்று மானேஜர் என் முதுகில் தட்டினார்.

பார்வையிடும் நாளில் இன்ஸ்பெக்டர் தம் பையிலிருந்து மாட்டு வியாதி பற்றிய ஆங்கிலத் துண்டுப் பிரசுரம் ஒன்றை எடுத்து நீட்டினார். அழகுமலை என்ற பையன் எழுந்து, ‘பெயின்ஃபுல்’ என்ற சொல்லில் நின்று, வாலைக் கையால் மறைத்து, உடம்பை வாசித்து, கையை எடுத்து முழுசாக வாசித்தான். அன்னக்கொடி ‘கேர்லெஸ்’ என்பதை வாசித்துக் ‘கவனமில்லாத’ என்று தமிழிலும் சொன்னாள். நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். இன்ஸ்பெக்டர் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டினார். என்னுடைய மற்ற நோட்டுகளின் கையெழுத்தும் அதுவே. எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஹெட்மாஸ்டர் கூரையைப் பார்த்தார். நான் குனிந்து வணக்கம் சொன்னேன்.

சாயங்காலம் பேச்சிமுத்து படத்தைத் தோளில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான்.

“எல்லாம் நல்லா நடந்துச்சாண்ணே?”

“நடந்துச்சு.”

“பிள்ளைக வாசிச்சுச்சுகளா?”

“வாசிச்சுச்சுக.”

“யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாகளா?”

நான் படத்தை ஆணியில் மாட்டினேன். அது கோணலாகத் தொங்கியது. அவன் வந்து சரிசெய்துவிட்டுப் போனான்.

அதன் பிறகு இந்தக் கடிதம். ஊருக்குள் செய்தி பரவிவிட்டது. டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். வீட்டில் என் மனைவி சீனியம்மாள், “ஊரே பேசுது, நீங்க ஏன் மொகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீக? அந்த வாலு ஒட்டுற வித்தைய எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க” என்றாள். நான் ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள், “இது பேச்சிமுத்து வாத்தியாரு சொல்றதுல்ல? அன்னக்கொடியோட ஆத்தா தண்ணிக்கு வரும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவா” என்றாள். என் வாசலுக்கு வந்த புகழ்ச்சி எல்லாம் என்னிடம் அவன் வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டு நின்றது.

வேலை எனக்குக் கிடைத்தால் ஜூனிலிருந்து புதுப் பிள்ளைகளுக்கு நானே நடத்த வேண்டுமே. பேச்சிமுத்துவிடம் போய் அட்டைகள் வைத்த பெட்டியைக் கேட்டேன்.

“பெட்டி என்னுதுண்ணே,” என்றான். “அட்டை, நூலு, கத்திரி அம்புட்டும் உங்ககிட்ட இருக்கு. குறிப்பும் உங்க கையிலதான் இருக்கு. செஞ்சுக்கங்க.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னான்: “வாலைக் கழட்டினா மிச்சம் நிக்குதான்னு நானும் பாக்கணும்ல.”

செய்தேன். அவனுடையதைவிட நூறு மடங்கு அழகாகச் செய்தேன். ஓரம் சமமாக வெட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, நாற்பத்திரண்டு வால்களையும் அகர வரிசைப்படி அடுக்கினேன். நாலாம் வகுப்பை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் நடத்தினேன். என்ன செய்தேன் என்பது ஐந்தாம் நாள்தான் எனக்கே புலப்பட்டது. பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, ‘லெஸ் என்றால் இல்லாத, ஃபுல் என்றால் நிறைந்த, மென்ட் என்றால் செயல்’ என்று வாய்ப்பாடு போல ஒரே ராகத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். நாற்பத்திரண்டும் தலைகீழாகத் தெரியும். ஒரு பக்கத்தை விரித்து, இதை வாசி என்றேன். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் தைரியமாக எழுந்து, “எத்தனாவது வாலு சார்?” என்றான்.

அட்டையை யாரும் தொடவில்லை. அழுக்காகிவிடும் என்று நான்தான் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

இப்போது கூட்டத்துக்கு வருகிறேன்.

“ரெண்டு வரி எழுது மாப்ள,” என்றார் மானேஜர். “உத்தரவுப்படி பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வாரேன்னு எழுது. நம்ம பள்ளிக்கூடத்துப் பேரு மதுரை வரைக்கும் போகுதுன்னா சும்மாவா? என்ன ஹெட்மாஸ்டரே?”

“ஆமாங்க,” என்றார் ஹெட்மாஸ்டர். மானேஜர் எது சொன்னாலும் அவருக்கு ஆமாங்கதான்.

“ஏப்பா பேச்சி, உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே? வேற எடத்துல வேலைக்கு நான் சொல்லிவிடுறேன்.”

பேச்சிமுத்து பெட்டிமேல் உட்கார்ந்தபடியே கேட்டான். “எத்தனை பிள்ளைக போகுதுங்க?”

“ஆறு.”

“சரிங்க. அந்த ஆறும் எந்தச் சொல்லைக் குடுத்தாலும் வாசிச்சுப்புடும். பயப்பட வேண்டியதில்ல.” என் பக்கம் திரும்பினான். “கருத்தக்கண்ணன் சாரைத்தான் யாரும் ஒண்ணும் கேட்டுறாமப் பாத்துக்கங்க.”

ஹெட்மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மானேஜர் திரும்பிப் பார்த்ததும் இருமலாக மாற்றிக்கொண்டார்.

“வாய் நீளுது,” என்றார் மானேஜர், எழுந்து வேட்டியை உதறிக்கொண்டு. “இன்னைக்குத் தபால்லயே போயிரணும் மாப்ள.” அவர் போனார். பேச்சிமுத்து வேப்பமரத்தடியில் விட்டிருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போனான். ஹெட்மாஸ்டர் தம் அறைக்குப் போய்த் தபால் முத்திரைக்கு மை தடவ ஆரம்பித்தார்.

நான் எழுத உட்கார்ந்தேன். தேதி, இடம், பெறுநர், பொருள் எல்லாம் வரிசையாக விழுந்தன. ‘எனது பயிற்று முறையைத் தாங்கள் பாராட்டியதற்கு’ என்பதுவரை பேனா ஓடியது. அங்கே நின்றுவிட்டது.

மதுரையில் அந்த மேடையை நினைத்துப் பார்த்தேன். நூறு வாத்தியார்கள். அழகுமலை வாலைக் கையால் மறைக்கிறான். எல்லாரும் கைதட்டுகிறார்கள். என்னைப் பார்த்துத்தான் தட்டுகிறார்கள். ஆனால் அந்தச் சத்தம் என்னைத் தாண்டிப் போய், இந்த அறையில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறவன் காதில் விழுகிறது. அவன் இங்கே இருந்துகொண்டே எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறான். அவனை அனுப்பிவிட்டாலும் வாங்கிக்கொள்வான். அவனுக்கு ஒரு செலவும் இல்லாமல் அவன் புகழை நான் ஆயுசு முழுக்கச் சுமக்க வேண்டும். வேலையில் இருக்கும்வரை ஒவ்வொரு ஜூனிலும் புதுப் பிள்ளைகள் வந்து என் முகத்தைப் பார்ப்பார்கள்.

அது முடியாது. மனசு நல்ல மனசாகிவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். அவனை மேடையில் ஏற்ற வேண்டும் என்றிருந்தது. அவனை நூறு பேர் கேள்வி கேட்க வேண்டும். திணறினால் அவன் திணறட்டும். திணறாவிட்டால் எரிச்சலாவது எனக்குச் சொந்தமான எரிச்சலாக இருக்கட்டும். அவனுடையதைக் களவாண்டுகொண்டு, அதற்காகவும் அவனிடமே பொறாமைப்படுவது என்னால் ஆகாது.

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எடுத்தேன். இந்த வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் நடத்துபவர் பேச்சிமுத்து என்று எழுதினேன். பாடக்குறிப்பு நோட்டில் கையெழுத்து மட்டும் என்னுடையது, சொல் முழுதும் அவருடையது என்று எழுதினேன். பார்வையிட்ட தினத்தில் அவரை வெளியூர் அனுப்ப யோசனை சொன்னது நானே என்பதையும் எழுதினேன். அதில் ‘நானே’ கொஞ்சம் சாய்ந்துவிட்டது, திரும்ப எழுதவில்லை. நாலாம் வகுப்பில் நான் அதே முறையை முயன்று தோற்றதையும், எந்த நாளில் என்ன நடந்தது என்று தேதி போட்டு எழுதினேன். ஆகவே மார்ச் கூட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு வேலைக்கும் அவரையே அழைக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று முடித்தேன். ‘அவன்’ என்றே இத்தனை மாதமும் நினைத்தவனைக் காகிதத்தில் ‘அவர்’ என்று எழுத ஒவ்வோர் இடத்திலும் பேனா தயங்கியது.

கடிதம் ஹெட்மாஸ்டர் மூலமாகத்தான் போக வேண்டும். அவர் மேசையில் வைத்தேன். கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் கண்ணில் பேச்சிமுத்து என்ற பெயர் பட்டுவிட்டது. முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். மறுபடி வாசித்தார்.

“கருத்தக்கண்ணா, உனக்குப் பித்துப் பிடிச்சிருக்கா? மானேஜரு உன்னையும் தொலைச்சு என்னையும் தொலைச்சுப்புடுவாரே.”

“நீங்க எதையும் வாசிக்காமத்தான் கையெழுத்துப் போடுவீகன்னு ஊருக்கே தெரியும் சார்.”

அவர் என்னைப் பார்த்தார். சன்னல் வழியாக வேப்பமரத்தடியைப் பார்த்தார். பேச்சிமுத்து எதையோ கேட்க, பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பதில் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சத்தம் இப்போதும் பிடிக்கவில்லை.

“ஆமா,” என்றார் ஹெட்மாஸ்டர். “நான் எங்க வாசிச்சேன்?” கையெழுத்துப் போட்டார்.

கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தேன். விலாசம் எழுதி, மை உலர்ந்ததும் ஓரத்தை ஒட்டினேன். விளக்கில் அரக்கைக் காட்டி உறையின் முதுகில் ஒரு சொட்டு விட்டு, பள்ளிக்கூடத்துப் பித்தளை முத்திரையை அழுத்தினேன். ஹெட்மாஸ்டர் இப்போது போஸ்ட்மாஸ்டராகி, தபால்தலை ஒட்டி, அதன்மேல் தேதி முத்திரையைக் குத்தித் தபால் பைக்குள் போட்டுப் பையின் வாயைக் கட்டினார். நாலே முக்காலுக்குத் தபால் ரன்னர் மலையாண்டி வந்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலூர் ரோட்டில் நடந்தான்.